கடலூரிலிருந்து மாண்ட்ரியலுக்கு: முதல் பனிக்காலத்தைக் கடக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் கடைசியில் கிளம்பி ஜனவரி வகுப்பில் சேரும் பிள்ளைகள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு உடம்பு பழக மூன்று நான்கு மாதம் கிடைக்கிறது. ஜனவரியில் போகிறவர் மீனம்பாக்கத்தில் வியர்க்க வியர்க்க விமானம் ஏறி, மைனஸ் இருபதில் போய் இறங்குகிறார்.

கனடாவில் உள்ள மாண்ட்ரியலில் ஆறு பனிக்காலம் இருந்தேன். கடைசியாக இருந்தது 2025. அந்தப் பிப்ரவரியில் நான்கே நாளில் 70 செ.மீ.க்கு மேல் கொட்டியது. இப்போது மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு, கடலூரிலும் புதுச்சேரியிலும் கிளம்பத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி கட்ட உதவுகிறேன். எல்லோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். குளிருக்குப் பயப்படுகிறார்கள், ஈரத்தை மறந்துவிடுகிறார்கள். சரியாக உடுத்திய காய்ந்த உடம்பு மைனஸ் இருபதைத் தாங்கிவிடும். வியர்த்து நனைந்த உடம்பு மைனஸ் ஐந்திலேயே வெடவெடத்துப் போகும். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான்.

1. பனி என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் வைக்கோல் போர் நனைந்திருப்பது. வெயில் ஏறினால் போய்விடும். அங்கே அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு சங்கதி இருக்கிறது. நான்குக்கும் நாம் செய்ய வேண்டியது வேறு வேறு.

கடுங்குளிரில் விழுவது மாவுபோல் உலர்ந்த பனி. உதறினால் உதிர்ந்துவிடும், ஆளை நனைக்காது. வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது விழுவது ஈரப்பனி. அது துணியில் ஒட்டி உருகி உள்ளே இறங்கும். அள்ளினால் கனக்கும். மூன்றாவது உறைமழை. மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகும். நான்காவது, நடைபாதையில் கண்ணுக்கே தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய ஐஸ். ஆளைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் இதுதான்.

புதிதாக வருகிறவர்கள் மைனஸ் இருபது என்று கேட்டதும் வீட்டுக்குள் அடங்கிவிடுகிறார்கள். மைனஸ் ஒன்று என்றால் கேன்வாஸ் ஷூவோடு இறங்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்த மைனஸ் ஒன்றுதான் நனைக்கும் நாள், வழுக்கும் நாள்.

காலையில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு நிறுத்திவிடாதீர்கள். காற்றையும் சேர்த்து உடம்பு உணரும் குளிருக்குத் தனியாக ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண் மைனஸ் 28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான். பேருந்துக்காக எவ்வளவு நேரம் வெளியே நிற்கலாம் என்பதை இந்த எண்ணை வைத்தே முடிவு செய்யுங்கள்.

2. இங்கேயே முடித்துவிட வேண்டியவை

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

பல்லையும் கண்ணையும் காட்டிவிடுங்கள். கூசுகிற பல் குளிர்காற்றில் உயிரை எடுக்கும். அங்கே பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவைக் கேட்டால் வலியே தேவலை என்று தோன்றும். கண்ணாடி போடுகிறவர்கள் மாற்றுக் கண்ணாடி ஒன்றும் செய்துகொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் ஊரையும் மாதத்தையும் சொல்லிக் கேளுங்கள். வறண்ட குளிர்காற்றுக்கு மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கும்.

வீடு பார்க்கும்போது வாடகைக்கு அடுத்த கேள்வி ஹீட்டருக்கு யார் பணம் கட்டுவது என்பதாக இருக்கட்டும். விளம்பரத்தில் பிரெஞ்சில் "ஷொஃபே" என்று போட்டிருந்தால் வாடகையிலேயே அடக்கம். இல்லையென்றால் மின்கட்டணம் உங்கள் தலையில். புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கைகொடுக்கும் முதல் இடம் இது. வாடகை குறைவு என்று எடுத்துவிட்டு, பிப்ரவரியில் ஹீட்டரைத் தணித்து வைத்து மூன்று போர்வைக்குள் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

வாங்க வேண்டியது மிகக் குறைவு. உடம்பை ஒட்டிய தெர்மல் உள்ளாடை இரண்டு செட், ஃப்ளீஸ் என்னும் மென்மையான செயற்கை இழைத் துணியில் ஒரு சட்டை, கம்பளிக் குல்லா ஒன்று, கையுறை ஒரு ஜோடி, கம்பளி சாக்ஸ். இவை வந்திறங்கும் நாளுக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும் மட்டும்.

வாங்கக் கூடாதது பெரிய ஜாக்கெட்டும் பூட்ஸும். லாரன்ஸ் ரோட்டிலோ நேரு வீதியிலோ கிடைக்கும் கனத்த ஜாக்கெட் பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும், அந்தக் காற்றை நிறுத்தாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போதுமான துணி அது. வீட்டில் அம்மா ஆசையாக வாங்கி வைத்திருந்தால், விமானத்துக்குள் போட்டுக்கொள்ள ஆகும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

பருத்திச் சட்டை, ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ் ஆகியவற்றைக் குறையுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. நம் வெயிலுக்கு அதுதான் சுகம். அங்கே அதே ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

3. இறங்கும் நாள்

கைப்பையில் இருக்க வேண்டியவை: தெர்மல் ஒரு செட், ஃப்ளீஸ், குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ், மருந்து. பெரிய பெட்டி வழியில் தங்கிவிட்டு இரண்டு நாள் கழித்து வருவது உண்டு. கம்பளித்துணி எல்லாம் அதற்குள் இருந்தால் நீங்கள் டி-ஷர்ட்டோடு நிற்க வேண்டியதுதான்.

சென்னையிலேயே தெர்மல் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். வியர்த்து நனைந்த தெர்மலோடு குளிரில் இறங்கக் கூடாது. மாண்ட்ரியலில் இறங்கி, குடிநுழைவுச் சோதனை (இமிக்ரேஷன்) முடிந்ததும், கழிவறைக்குப் போய்க் காய்ந்த துணிக்கு மாறிக்கொண்டு, அதன் பிறகு கதவைத் தாண்டுங்கள்.

கூட்டிப்போக வருகிறவரிடம் பழைய ஜாக்கெட் ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே எல்லார் வீட்டிலும் ஒன்று கூடுதலாகத் தொங்கும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

4. பூட்ஸ் முதலில், ஜாக்கெட் பிறகு

மறுநாள் கடைக்குப் போனதும் எல்லோரும் ஜாக்கெட் பக்கம்தான் ஓடுகிறார்கள். காசு அங்கே தீர்ந்து, பூட்ஸ் மலிவாக அமைகிறது. வரிசையை மாற்றுங்கள். ஜாக்கெட் சுமாராக இருந்தால் உள்ளே ஓர் அடுக்கு கூட்டிச் சமாளிக்கலாம். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தால் அதைச் சமாளிக்க வழியே இல்லை.

பூட்ஸில் மூன்றைப் பாருங்கள். பாதம் முழுக்கத் தண்ணீர் புகாததாக இருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் உயர வேண்டும். அடிப்பகுதி மென்மையான ரப்பராக, ஆழமான வெட்டுகளோடு இருக்க வேண்டும். கெட்டி பிளாஸ்டிக் அடி குளிரில் கல்லாகி வழுக்கும்.

அளவு பார்க்கும்போது தடித்த கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு பாருங்கள். உள்ளே விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். புதுச்சேரியிலிருந்து போன ஒரு பெண் குளிருக்குப் பயந்து மூன்று சாக்ஸ் போட்டுக் காலை உள்ளே திணித்துக்கொண்டு போனாள். வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. இறுக்கினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத காலுக்கு எத்தனை சாக்ஸ் போட்டும் சூடு வராது. சூட்டைப் பிடித்து வைப்பது சாக்ஸுக்கும் பூட்ஸுக்கும் நடுவே நிற்கும் காற்றுதான். மெட்டி போடுகிறவர்கள் பூட்ஸ் மாதங்களில் கழற்றி வைப்பது நல்லது. வீட்டில் ஏதாவது சொன்னால் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். இறுகிய உலோகம் முதலில் உறைய வைப்பது அந்த விரலைத்தான்.

ஜாக்கெட்டுக்கு இருக்க வேண்டியது காற்று புகாத மேல்துணி, தலையை மூடும் தொப்பி, இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளம். கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் பைபோன்ற கையுறை, விரல் பிரித்த கையுறையைவிடச் சூடு தரும். விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும்.

5. மூன்று அடுக்கு, தேவைக்கேற்பத் திறந்து மூடுவது

தோலை ஒட்டி தெர்மல். மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ, வியர்வையை வெளியே தள்ளும் துணியாக இருக்க வேண்டும். அதன்மேல் ஃப்ளீஸ் அல்லது ஸ்வெட்டர், சூட்டைப் பிடித்து வைக்க. எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கெட், காற்றையும் பனியையும் தடுக்க. ஒரே கனத்த துணியைவிட இது மேல், ஏனென்றால் இடத்துக்கு ஏற்ப ஒன்றைக் கழற்ற முடியும்.

கழற்றுவதில்தான் நம் பிள்ளைகள் தவறுகிறார்கள். வெளியே மைனஸ் பதினைந்து. மெட்ரோ படிக்கட்டில் இறங்கினால் உள்ளே கதகதப்பு. மாண்ட்ரியல் மெட்ரோ முழுக்கப் பூமிக்கடியில் ஓடுவது. எல்லாவற்றையும் பூட்டியபடி அதில் அரைமணி நின்றால் முதுகு வியர்த்துவிடும். அந்த வியர்வையோடு மேலே ஏறி வந்து காற்றில் நிற்கும்போது வருகிற நடுக்கத்தைத்தான் "கனடா குளிர் தாங்கவில்லை" என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்கிறார்கள். உள்ளே போனதும் குல்லா, கையுறை, மஃப்ளர், ஜிப் என்று வரிசையாகத் திறந்துவிடுங்கள். வெளியேறும் கதவுக்கு முன்னால் நின்று மறுபடி மூடுங்கள்.

வீட்டைவிட்டு இறங்கிய முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். அதுதான் அளவு. வாசலிலேயே கதகதப்பாக இருந்தால், நடக்க ஆரம்பித்ததும் வியர்க்கும்.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகக் கூடாது. நீண்ட முடி உள்ள பெண்கள் இரவே தலைக்குக் குளித்து உலர்த்திவிடுங்கள். ஈரப்பின்னல் தெருவில் குச்சிபோல் விறைத்துப் போகும். பெரிய உலோகத் தோடும் தொங்கட்டானும் குளிரைக் காதுமடலுக்குள் கடத்தும். அவற்றை வெளியே போகும்போது தவிர்த்துவிடலாம்.

செல்போனை உள்சட்டைப் பையில், உடம்பை ஒட்டி வையுங்கள். குளிரில் பேட்டரி திடீரென்று படுத்துவிடும். வழி தெரியாத ஊரில் அது ஆபத்து.

6. வீட்டுக்குள்

ஹீட்டர் 20, 21 டிகிரியில் இருந்தால் போதும். சுவரின் அடியில் நீளவாக்கில் ஓடும் மின்ஹீட்டர்தான் பல வீடுகளில் இருக்கும். கட்டில், திரைச்சீலை, துணிக்கொடி எதுவும் அதைத் தொடக் கூடாது, ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும். துண்டை அதன்மேல் காயப்போட்டுவிட்டுத் தூங்குவது தீ விபத்தில் கொண்டுபோய் விடும். பல நாள் வெளியூர் போனாலும் ஹீட்டரை அடியோடு அணைக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால், கீழ்வீட்டுக்காரரின் கூரை உங்கள் பொறுப்பு.

சூடாக்கிய காற்று ஈரமே இல்லாமல் இருக்கும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த தோலுக்கு அது புதிது. உதடு வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும், கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் தட்டும். குளியலைச் சுருக்கி, வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, உடம்பு ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், அங்கே அலமாரியில் கட்டியாகத்தான் இருக்கும். நல்லெண்ணெய் ஓடும். அதற்காக அடுப்பில் நாள் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க விடாதீர்கள். ஆவி ஜன்னல் கண்ணாடியில் படிந்து, ஓரமெல்லாம் கருப்பாகப் பூஞ்சை பிடிக்கும்.

இட்லி மாவு புளிக்கவில்லை என்று எத்தனையோ போன் வந்திருக்கிறது. கேக், ரொட்டி சுடும் அவன் (oven) இருந்தால், அதைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடுங்கள். அந்த விளக்கின் சூடே போதும். நம் ஊரில் எட்டு மணி நேரம் என்றால் அங்கே பன்னிரண்டுக்கு மேல் ஆகலாம். அவன் திருகின் மேல் "மாவு உள்ளே" என்று காகிதம் ஒட்டுங்கள். கூட இருப்பவர் தெரியாமல் அவனைச் சூடாக்கி, மாவும் பிளாஸ்டிக் மூடியும் சேர்ந்து வெந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும்.

சாம்பிராணியும் மிளகாய் தாளிப்பும் புகை அலாரத்தை அலற வைக்கும். அதற்காக அலாரத்தின் பேட்டரியைக் கழற்றாதீர்கள். அடுப்பின் மேல் உள்ள காற்றாடியை முதலில் போட்டுவிட்டுத் தாளியுங்கள்.

7. தெருவில் நடப்பது

நம் நடை குதிகாலை முன்னால் வைத்து நீட்டிப் போடும் நடை. ஐஸில் அதுதான் ஆளைச் சாய்க்கும். அடியைக் குறுக்கி, முழுப்பாதத்தையும் ஒருசேர வைத்து, உடம்பை லேசாக முன்னால் சாய்த்து நடங்கள். கை இரண்டும் பைக்கு வெளியே இருக்க வேண்டும். கையுறை இல்லாதவர்கள் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நடப்பதால்தான் விழும்போது ஊன்ற முடியாமல் போகிறது.

பகலில் லேசாக உருகி இரவில் உறைந்த மறுநாள் காலைதான் மிக மோசம். அதிலும் வீட்டு வாசல் படி. கல்லுப்பு தூவுவார்கள். ஆனால் மைனஸ் பத்துக்குக் கீழே சாதாரண உப்பு அவ்வளவாக வேலை செய்யாது, அப்போது மணலோ பொடிக்கல்லோ தூவினால் பிடிப்பு கிடைக்கும். கடும் குளிரில் ஈரக்கையால் இரும்புக் கைப்பிடியைத் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

முதல் பனிக்காலத்தில் கார் ஓட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கட்டாயம் என்றால், டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர், மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் சட்டப்படி வேண்டும்.

8. கொட்டித் தீர்க்கும் நாள்

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரை கடந்த பிறகு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் நாம் இருந்த வாழ்க்கையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் தண்ணீர், மெழுகுவத்தி, அவல், பொரி. அந்த அனுபவம் உங்களுக்கு அங்கே உதவும். வேறுபாடு ஒன்றுதான். தானேக்குப் பிறகு திண்ணையில் படுத்துக்கொண்டோம். அங்கே மின்சாரம் போனால் வீடே குளிர்ந்துகொண்டு போகும்.

1998 ஜனவரியில் பெய்த உறைமழைக்குப் பிறகு சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. 2023 ஏப்ரலில் ஒரே நாள் உறைமழையில் கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் நின்றது. ஆகவே மூன்று நாளுக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு, தண்ணீர், டார்ச், நிரம்பிய பவர்பேங்க், மருந்து ஆகியவற்றை நவம்பரிலேயே ஒதுக்கி வையுங்கள். புயல் அறிவித்த பிறகு கடைக்குப் போனால் ரொட்டி இருக்காது.

மின்சாரம் போனால் எல்லோரும் ஒரே அறைக்கு வந்து கதவைச் சாத்துங்கள். அடுக்கடுக்காக உடுத்துங்கள். கரி அடுப்பையோ, முகாமுக்குக் கொண்டுபோகும் காஸ் அடுப்பையோ வீட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது. அடைத்த வீட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கம் வருகிறது என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். பனியில் புதைந்த காரை ஸ்டார்ட் செய்யும் முன் புகைக்குழாயைச் சுற்றி வாரிவிடச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பனி வாருவதை முழுவதும் நின்றபின் செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுவே ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை வாருங்கள். மிதிபட்ட பனி ஐஸாகி ஒட்டிக்கொள்ளும். மண் அள்ளுவதுபோல் தூக்கி வீச வேண்டாம், தள்ளுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் முழங்காலை மடக்கி, பாதி அளவாக அள்ளுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது திடீர் உழைப்பு இதயத்தைத் தாக்கும். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தால், "வயலில் வேலை பார்த்த உடம்பு இது" என்று அவர் எவ்வளவு சொன்னாலும் பனி வாரும் மண்வெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள்.

9. உடம்பு காட்டும் அறிகுறிகள்

மூக்கு நுனி, காதுமடல், கன்னம், விரல்கள் முதலில் அடிபடும். தோல் வெளுக்கும் என்று எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அது எளிதில் தெரியாது, சாம்பல் பூத்ததுபோல் மட்டும் இருக்கும். ஆகவே உணர்வை நம்புங்கள். வலித்துக்கொண்டிருந்த விரலில் திடீரென்று வலி நின்றால், சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். மரத்துப்போகிறது என்று அர்த்தம். உடனே உள்ளே போங்கள்.

மரத்த இடத்தைத் தேய்க்காதீர்கள். ஹீட்டரில் காட்டாதீர்கள், மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். சூட்டை இன்னொருவர் முழங்கை வைத்துப் பார்க்கட்டும். கொப்புளம் வந்தாலோ, உணர்வு திரும்பாவிட்டாலோ மருத்துவமனைதான்.

ஒருவர் நடுங்கி நடுங்கி, பேச்சுக் குழறி, தடுமாறி, பிறகு நடுக்கம் நின்று சோர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் உள்சூடே இறங்கிவிட்டது. அவசர உதவி எண் 911-ஐ அழைத்துவிட்டு ஈரத்துணியைக் கழற்றிப் போர்த்துங்கள். அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு கியூபெக்கில் 811-இல் செவிலியர் பேசுவார்.

குடித்தால் சூடு என்பது பொய். தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து சூடு வெளியேறும், உள்ளே குளிரும், அது தெரியாமலும் போகும். விருந்து முடிந்து தனியாக நடந்து வரும் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். தயவுசெய்து யாரையாவது கூட அழைத்துக்கொண்டு வாருங்கள்.

10. இருட்டு

டிசம்பர் கடைசியில் மாலை நாலேகாலுக்குச் சூரியன் மறைந்துவிடும். ஆய்வகத்தில் இருந்து வெளியே வரும்போது நள்ளிரவுபோல் இருக்கும். பலர் சொல்லாமல் மனம் தளர்வது இந்த வாரங்களில்தான். வெயில் இருக்கும் நாளில் மதியம் இருபது நிமிடமாவது நடந்துவிட்டு வாருங்கள். நம் நிறத் தோலுக்கு அந்த மாத வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது, மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது சேர்ந்து சமையுங்கள். நீங்கள் கூப்பிடுவதற்காகக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளை பக்கத்துக் கட்டடத்திலேயே இருக்கும்.

11. மார்ச்சில் ஏமாறாதீர்கள்

மார்ச் நடுவில் ஒருநாள் ப்ளஸ் பத்து வரும். எல்லோரும் பூட்ஸைத் தூக்கிப் பரணில் போடுவார்கள். அடுத்த வாரமே பனி விழும். ஏப்ரல் முடியும்வரை பூட்ஸ் வாசலிலேயே இருக்கட்டும். பிறகு ஓரங்களில் வெள்ளையாகப் படிந்த உப்பை, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, உள்ளே காகிதம் திணித்து, இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டு எடுத்து வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த பூட்ஸ் அடுத்த நவம்பரில் விரிசல் விட்டிருக்கும்.